வாசகர் கேள்வி – பதில்: அழகரைப் பார்க்க ஆற்றுக்குப் போகாதீர்கள்

போன இதழில் யாரோ மோர் பற்றிக் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "மதுரையில் சித்திரைத் திருவிழாவில் குடித்த பானகம் மாதிரி இங்கே யாரும் கரைப்பதில்லை" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், திருகோணமலையில் பாதிச் சனம் மதுரைக்குப் பயணம் கட்டுகிறது போலிருக்கிறது. ஆகவே இந்த முறை முழுக்க மதுரைதான். ஊறுகாய், மருமகள், முதுகுவலிக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

அக்கா, அம்மாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது, முழங்கால் வருத்தமும் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்குவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்கிறா. ஐந்து நாள்தான் லீவு எடுக்கலாம். எந்த ஐந்து நாள்?
– வாசகி, உவர்மலை

தங்கச்சி, முதலில் நாட்களைச் சொல்கிறேன், பிறகு அம்மாவோடு கொஞ்சம் வாதாடுகிறேன்.

அழகர்கோயில் பெருமாளான அழகர் மதுரையில் வைகை ஆற்றில் இறங்குவது சித்திரா பௌர்ணமியை ஒட்டி. நமக்கு இங்கே எந்தப் பௌர்ணமியும் போயா விடுமுறை என்பதால் ஒரு நாள் லீவு மிச்சம். 2023 இல் மே 5, 2025 இல் மே 12, இரண்டும் இங்கே வெசாக். 2024 இல் ஏப்ரல் 23. இப்படி முன்னே பின்னே போகும். ஆகவே பஞ்சாங்கம் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீனாட்சி கோயில் விழாவும் அழகர் விழாவும் இரண்டு தனி விழாக்கள். 2024 இல் திருக்கல்யாணம், தேர், ஆறு மூன்றும் அடுத்தடுத்த நாள் வந்தன. 2025 இல் தேர் முடிந்து நடுவில் இரண்டு நாள் விட்டுத்தான் ஆறு. எல்லாவற்றையும் ஐந்து நாளுக்குள் அடக்க முடியாத வருடமும் வரும். அப்படி வந்தால் கல்யாணத்தை விட்டுவிட்டு அழகரைப் பிடியுங்கள். கல்யாணத்துக்கு உள்ளே போய் உட்கார முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் இலவச வரிசையில் நிற்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது.

இனி வாதாட்டம். ஆற்றுக்கு அம்மாவைக் கூட்டிப் போகவேண்டாம். விடிவதற்கு முன்பே, அவர் இறங்கும் ஆழ்வார்புரம் பக்கம் தலைதான் தெரியும், தரை தெரியாது. கொரோனாவால் இரண்டு வருடம் சனமில்லாமல் நடந்து, 2022 இல் மறுபடி திறந்துவிட்டபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். தங்கக்குதிரையில் அவர் ஆற்றுக்குள் இறங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தால் குதிரையின் காது வரை தெரியும். நேரில் பார்த்தால் முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும்.

அம்மாவுக்கு நான் சொல்வது எதிர்சேவை. அழகர்கோயிலிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முந்திய மாலை கள்ளர் வேடத்தில், கண்டாங்கி கட்டி, கையில் வளரித்தடியோடு, காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பனிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவார். இரவெல்லாம் வழி நெடுக மண்டகப்படி. மண்டகப்படி என்றால், ஒரு குடும்பமோ சாதியோ சங்கமோ பந்தல் போட்டு, சாமியை நிறுத்தி, உபசரித்து அனுப்புவது. நூற்றுக்கணக்கில் இருக்கும். மறுநாள் காலை மூன்றுமாவடிக்கு வரும்போது மதுரை சனம் எதிர்கொண்டு போய் வரவேற்கும். அதுதான் எதிர்சேவை. அங்கிருந்து புதூர் வழியாகத் தல்லாகுளம் பெருமாள் கோயில் போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். ஒரு பகல் முழுக்க அவர் அந்த வீதியில்தான் இருக்கிறார், தங்கச்சி! பல்லக்கு நின்று நின்று போகிறது. ஒரு மண்டகப்படியில் தவறினால் அடுத்ததில் பார்க்கலாம். தெருவோரத்தில் ஒரு கடைப்படியில் அம்மாவை இருத்திவிட்டால் சாமி அவரைத் தேடி வரும். அரைமணி நேரத்தில் யாராவது மோரும் புளியோதரையும் கையில் தந்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், விடமாட்டார்கள்.

வெயிலை மறக்க வேண்டாம். சித்திரையில் மதுரை நாற்பது பாகை வரை போகும். நம்முடைய கடற்காற்று அங்கே கிடையாது. காலை மூன்றுமாவடி, மத்தியானம் அறைக்குப் போய்ப் படுக்கை, மாலை தல்லாகுளம். அறை கிடைத்தால் ரயில் நிலையத்தருகே எடுக்காமல் வடகரைப் பக்கம் எடுங்கள். விழா நாளில் ஆற்றுப் பாலம் கடப்பது பெரும்பாடு.

பச்சைப் பட்டு கட்டி இறங்கினால் அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்கிறார்களே, நம்பலாமா?
– விவசாயி, தம்பலகாமம்

ஐயா, பட்டர் பெட்டிக்குள் பார்க்காமல் கைவிட்டு எடுக்கும் பட்டுத்தான் கட்டப்படும் என்பார்கள். பச்சை வந்தால் ஊர் முழுக்க மகிழ்ச்சி, சிவப்பு வந்தால் முகம் வாடும். ஆனால் அதே அழகர் இறங்க, காய்ந்து கிடக்கும் வைகைக்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் கந்தளாய்க் குளத்து மட்டத்தைப் பாருங்கள். பட்டை அவர்கள் பார்க்கட்டும்.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் பிந்தி வந்ததால் கோபித்துக்கொண்டுதான் அழகர் ஆற்றோடு திரும்பிப் போகிறார் என்று பாட்டி சொல்லுவா. அது கோயில் வரலாறா, கதையா?
– பல்கலைக்கழக மாணவர், நிலாவெளி

தம்பி, பாட்டி சொன்னதை மதுரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள். கோயில்காரர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுக்க ஒரு பெருமாள் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார். அவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். கூடவே முருகனும் அப்பா அம்மா கல்யாணத்துக்கு வருகிறார். (அது எப்படி என்று கேட்கக்கூடாது.) அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. துர்வாசர் சாபத்தால் தவளையாகிக் கிடந்தவர் அவர். ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில் அது நடக்கும். கருட வாகனத்தில் வருவார். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறவர் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் ஊரிலேயே தங்குவாரா?

ஏன் தேனூர் மண்டபம்? முன்பு அழகர் சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்குத்தான் போய் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரண்டையும் சித்திரைக்குக் கொண்டுவந்து மதுரையிலேயே சந்திக்க வைத்தார். மாசி அறுப்புக் காலம், நாட்டுப்புறத்துச் சனம் வயலில் நிற்கும், பெரிய தேர் இழுக்க ஆள் வராது என்று ஒரு காரணம் சொல்வார்கள். சைவரும் வைணவரும் ஒன்றுசேரட்டும் என்று இன்னொரு காரணம். எனக்கு முதல் காரணந்தான் நம்பும்படி இருக்கிறது. வியாபாரமும் பார்த்திருப்பார். இவ்வளவு சனம் கூடினால் சந்தை கூடாமலா இருக்கும்? வெளியூர் பஸ்ஸில் போனால் நீங்கள் இறங்கப்போகும் மாட்டுத்தாவணி நிலையம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் மாட்டுச்சந்தை கூடிய இடம்.

இரண்டு விழாவையும் அரசர் ஒரே மாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் ஏன் கல்யாணத்தன்று இல்லை என்ற கேள்வி பிறகு வந்திருக்கும். அந்த இடைவெளியைச் சனம் ஒரு குடும்பச் சண்டையால் நிரப்பிவிட்டது என்பது என் ஊகம். நம்முடைய கல்யாண வீடுகளில் மாமன்மார் முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். பாட்டியிடம் போய்த் திருத்தம் சொல்ல வேண்டாம்.

அழகர் இரவில் தங்குவது ஒரு முஸ்லிம் பெண்ணின் வீட்டில் என்று மதுரைக்குப் போய்வந்த நண்பர் சொன்னார். உண்மையா?
– ஆசிரியர், கிண்ணியா

துலுக்க நாச்சியார் என்று அங்கே சொல்வார்கள். வண்டியூரில் அவள் வீட்டில் அழகர் இரவு தங்குகிறார் என்பது பேச்சு. சாமி உண்மையில் இறங்குவது வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில். ஆனால் வீதியில் நிற்கும் கிழவியிடம் "சாமி எங்கே போகுது?" என்று கேட்டால் நாச்சியார் வீட்டுக்கு என்றுதான் பதில் வரும். ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதியே உண்டு, ரொட்டி படைக்கிறார்கள். மதுரையிலும் வடகரையில் கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றியுள்ள வீதிகளில்தான் விழாச் சனம் நிறைந்து நிற்கும். எங்கள் மூதூர், கிண்ணியாப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிருக்காது, சேர்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். அங்கே விளையாட்டு, கடைகள் இருக்குமா? என்ன வாங்கலாம்?
– வாசகி, சாம்பல்தீவு

இருக்கும், அளவுக்கு மேலேயே இருக்கும். சித்திரைப் பொருட்காட்சி என்று அரசாங்கமே நடத்தும். என் காலத்தில் தமுக்கம் மைதானத்தில். ராட்டினம், மரணக்கிணறு, ஒரு தட்டை முழுக்க மூடும் டெல்லி அப்பளம். நம்முடைய கோயில் வாசல் கச்சான் கடைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கச்சான் அங்கே அவ்வளவு சுகப்படாது. நம்முடைய தும்பு முட்டாஸ் அங்கே பஞ்சுமிட்டாய். வீதியில் பருத்திப்பால் கிடைக்கும், விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. புடவைக்குப் பெரிய கடைகளைத் தேடி ஓடாமல் மாசி வீதிகளில் நடந்து பாருங்கள்.

தண்ணீர் பீய்ச்சுகிறவர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சல்லடம் கட்டி, கருப்பன் வேடத்தில், ஆட்டுத்தோல் பையைத் தோளில் போட்டு, அதிலிருந்து சாமிக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பல நாள் விரதமிருந்து செய்வது. அது விளையாட்டல்ல. இடையில் சில பெடியள் விசைப்பம்பு பூட்டி அடிக்கத் தொடங்கி, நீதிமன்றம் வரை போய்த் தடை வந்தது. தோல்பைத் தண்ணீர் மழைத்தூறல் அளவுக்குத்தான் மேலே படும். வெயிலில் நிற்கிறவர்களுக்கு அதுவும் வரம்.

இவ்வளவும் எப்படித் தெரியும்? நீங்கள் மதுரைக்காரியா?
– வாசகர், பாலையூற்று

இல்லை, சுத்தமான திருகோணமலை. 1990 இல் சண்டை மூண்டபோது வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் இறங்கியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். மண்டபம் அகதி முகாமில் கொஞ்சக் காலம், அப்புறம் மதுரைக்கு வெளியே ஒரு முகாம். அப்பா பெயின்ட் வேலைக்குப் போனார். முகாம் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் தொழில். அம்மாவும் பக்கத்து அறைக்காரர்களும் சித்திரை மாதம் ஒரு மண்டகப்படிக்காரர் வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போவார்கள். நானும் கூடப் போவேன்.

என் வேலை சர்க்கரைச் செம்பு. பித்தளைச் செம்பில் நாட்டுச் சர்க்கரையைக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். மேலே விரலால் அழுத்திச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் இலை குழிந்துவிடும். வாழையிலையைச் செம்பு வாயை விட நாலு விரல் பெரிதாக வட்டமாக நறுக்கி, தணலில் லேசாகக் காட்டி வாட்டி, வாய்க்கு மேல் இழுத்துப் போட்டு வாழைநாரால் கழுத்தில் கட்டுவோம். அதன் மேல் சூடம். சாமி பந்தலுக்கு வந்ததும் சூடத்தைக் கொளுத்தி, பெண்கள் செம்பைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். இறக்கும்போது இலை நடுவில் கருகியிருக்கும். அடியில் சர்க்கரை லேசாக இளகிச் சூட வாசம் பிடித்திருக்கும். அந்த இளகிய கட்டிக்குத்தான் பிள்ளைகளுக்குள் சண்டை. "ஏ சிலோன்காரப் புள்ள, நாரை இறுக்கிக் கட்டு, சாமி முன்னாடி அவுந்துறப் போகுது" என்று அந்த வீட்டு அப்பத்தா கத்துவார். கத்தினாலும், சாமி வந்து நிற்கும்போது என்னைத்தான் கூப்பிட்டு ஒரு செம்பைக் கையில் தருவார். முகாமில் மாலைக் கணக்கெடுப்புக்குப் பேர் கூப்பிடும்போது ஓடிப்போய் நிற்க வேண்டிய பிள்ளை, அங்கே சாமிக்குத் தீபம் காட்டும் வரிசையில் நின்றேன்.

அதனால்தான் உவர்மலைத் தங்கச்சிக்கு மண்டகப்படியைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன். ஆற்றில் நிற்பவர் பார்வையாளர். மண்டகப்படியில் நிற்பவருக்கு யாராவது ஒரு வேலை தந்துவிடுவார்கள்.

நமது கோணேசர் திருவிழாவையும் மதுரை மாதிரிப் பெரிய அளவில் நடத்தி வெளிநாட்டுச் சனத்தை இழுத்தால் என்ன?
– வர்த்தகர், திருகோணமலை நகரம்

எங்கே வைப்பீர்கள், அண்ணன்? கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்குக் கோட்டை வாசல் ஊடாக ஒரே ஒரு பாதை. அதிலும் பாதியை மான்கள் பிடித்து வைத்திருக்கின்றன. பங்குனியில் கொடியேறினால் நம்முடைய சனத்துக்கே அங்கே இடம் போதாது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. மதுரையோடு ஒப்பிட நம்மிடம் ஒன்று உண்டு. சிவராத்திரி முடிந்து கோணேசரும் மாதுமையாளும் மலையை விட்டு இறங்கி வரும் நகர்வலம். வீட்டுக்கு வீடு நிறைகுடம், குத்துவிளக்கு, வாழை, மாவிலைத் தோரணம். சாமி நம் படலைக்கு வருகிறது. 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலையே இடித்துத் தள்ளிய ஊர் இது. மறுபடி எழுந்த கோயிலுக்குக் குடமுழுக்கு 1963 இல்தான். அந்த ஊரில் சாமி வீதியில் வருவதே பெரிய காரியம். பெரிதாக்க நினைத்தால் அதைச் செய்யுங்கள். மேடை, இசைக்குழு, ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி இதெல்லாம் வேண்டாம். உங்கள் கடை வாசலில் ஒரு பந்தல் போட்டு, வருகிற போகிற எல்லோருக்கும் மோர் கொடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த வருடம் பானகம் கொடுப்பார். வெளிநாட்டுச் சனம் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் நட்டமில்லை.

சித்திரா பௌர்ணமி எங்களுக்குத் தாய்க்கு விரதம். அன்று மதுரையில் நிற்பது சரியா?
– வாசகி, சல்லி

தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, கோயிலில் சித்திரபுத்திரனார் கதை கேட்டு, கஞ்சி குடிப்பது நமது வழக்கம். மதுரையில் அதே நாளில் சனம் ஆற்றங்கரையில் மொட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அங்கே இருந்தால் விரதத்தை அங்கேயே பிடியுங்கள். மண்டகப்படிகளில் மரக்கறிச் சாப்பாடுதான், விரதத்துக்கு இடைஞ்சல் வராது. கஞ்சிக்குத்தான் வழியில்லை. நான் மதுரையில் இருந்த காலத்தில் முகாம்காரர்கள் சேர்ந்து தனியாகக் காய்ச்சினோம்.

சித்திரையில் லீவே கிடைக்காது. வேறு எப்போது போகலாம்?
– தாதி, திருகோணமலை

தைப்பூசத்துக்குப் போங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் வலம் வருவார்கள். அதுவும் திருமலை நாயக்கர் வெட்டுவித்த குளம். தை மாதம் வெயில் கொல்லாது, சித்திரைக் கூட்டத்தில் ஒரு பங்குதான் இருக்கும், இரவில் மைய மண்டபத்து விளக்கு தண்ணீரில் விழுவது வடிவு. குளத்தைச் சுற்றி நடக்க இடமும் உண்டு. ஆவணி மூலத்தில் போனால் புட்டுத் திருவிழா. வந்திக் கிழவிக்காகச் சிவன் கூலியாளாக மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி வாங்கிய திருவிளையாடல். மீனாட்சி சித்திரையில் முடிசூடி நாலு மாதம் ஆண்டுவிட்டு, ஆவணியில்தான் செங்கோலைக் கணவரிடம் கொடுக்கிறாள். அந்த நாலு மாதத்துக்குள் போகிறவர்கள் அவள் ஆட்சியில் போகிறீர்கள்.

எப்போது போனாலும், கட்டுநாயக்கவிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு, ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இங்கிருந்து கட்டுநாயக்க போகத்தான் ஒரு இரவு முழுக்கப் பிடிக்கும். விசாவை மட்டும் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.